டோஸ் ஏறினால் தோல்வியா?

மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரையையும் கிளிமிபிரைடு 1 மி.கி. மாத்திரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது ‘பவர்’ அதிகம் என்று கேட்டால் பெரும்பாலோர் 500ஐத்தான் காட்டுவார்கள். ஆனால், காலைச் சாப்பாட்டைத் தவறவிட்ட ஒருவரை வியர்த்து விறுவிறுக்க வைத்துக் கீழே சாய்க்கக்கூடியது அந்த ஒரு மில்லிகிராம்தான். மெட்ஃபார்மினைத் தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடோ, வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. மில்லிகிராம் என்பது மாத்திரைக்குள் இருக்கும் வேதிப்பொருளின் எடை மட்டுமே. ஒரு மருந்தின் எடையை வேறொரு மருந்தின் எடையோடு ஒப்பிட்டு வீரியத்தைக் கணக்கிட முடியாது. இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரையில் குழப்பம் இன்னும் கூடுகிறது. பெயருக்குப் பின்னால் 1 என்று இருந்தது 2 ஆகிவிட்டால் வீட்டில் ‘டபுள் டோஸ்’ என்ற பேச்சு கிளம்பிவிடும். உண்மையில் பெரும்பாலான பிராண்டுகளில் இரட்டிப்பாவது கிளிமிபிரைடு மட்டும். மெட்ஃபார்மின் அதே 500இல்தான் நிற்கும். ‘ஃபோர்ட்’ என்ற ஒட்டு சேரும்போதுதான் அது வழக்கமாக 1,000 ஆகும்.

இந்த எண்களை நாம் தவறாகப் படிப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. டோஸ் ஏறினால் நோய் முற்றிவிட்டது, வாயைக் கட்டவில்லை, இறங்கினால் குணமாகிவருகிறது, மாறாமல் இருந்தால் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. இந்த மூன்று வாசிப்புகளும் பல நேரங்களில் பிழையானவை. மூன்றாவது வாசிப்புதான் மிக ஆபத்தானது என்பது என் வாதம். சர்க்கரை மருந்தின் அளவு, உடல் இன்றைக்கு இருக்கும் நிலைக்கான விடை. நாளைக்குக் கேள்வி மாறும். விடை மட்டும் அப்படியே இருந்தால் அதுதான் கேடு. ஏற வேண்டிய நேரத்தில் ஏறாத டோஸ் கண்ணையும் காலையும் மெல்ல அரிக்கிறது. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காத டோஸ் ஓர் இரவில் ஆளைச் சாய்க்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைத்த ‘இந்தியாப்’ ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்ற கணக்குதான் தலைப்புச் செய்தியானது. தமிழ்நாட்டில் நோய் இருப்பவர்கள் 14.4 சதவீதம். அதே ஆய்வுத் தொடரில் அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு எண்ணை யாரும் பெரிதாகப் பேசவில்லை: நோய் இருப்பது தெரிந்தவர்களிலேயே மூன்று மாத சர்க்கரை சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7க்குக் கீழே வந்திருந்தவர்கள் 36.3 சதவீதம்தான். மற்றவர்களுக்கு மருந்தே கிடைக்கவில்லையா? தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை கைக்கு வந்துவிட்டால் மிச்சமிருப்பது, அது சரியான மாத்திரையா, சரியான அளவா என்ற கேள்வி. வாசலுக்கு வரும் பை அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்காது. சாப்பாடு, உடலுழைப்பு, பணம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனாலும் பிரிட்டனில், மருந்துச் சீட்டுக்குச் சர்க்கரை நோயாளி காசு கட்டத் தேவையில்லாத நாட்டில், எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. ஒரே மாத்திரையில் இருந்தும் ஹெச்பிஏ1சி 7க்கு மேலேயே நின்றவர்களுக்கு அடுத்த மாத்திரை சேர்க்கப்பட ஆன இடைநிலைக் காலம் 2.9 ஆண்டுகள். இரண்டு மாத்திரையில் இருந்தவர்களுக்கு ஏழு ஆண்டையும் தாண்டியது. காசுப் பிரச்சினையும் இல்லாமல் தட்டுப்பாடும் இல்லாமல், வெறும் தயக்கத்தில் போன ஆண்டுகள் இவை.

தயக்கம் ஏன்? டோஸை ஏற்றுவது ஒரு தண்டனை போல இரு தரப்பிலும் நடத்தப்படுகிறது. ‘இந்தத் தடவை விடுங்க டாக்டர், அடுத்த மாசம் கொறச்சிட்டு வர்றேன்’ என்று நோயாளி கெஞ்சுகிறார். ‘சரி, மூணு மாசம் பாப்போம்’ என்று மருத்துவர் இரங்குகிறார். இந்தப் பேரத்துக்கு அடியில் இருப்பது, ஒழுங்காக இருந்தால் டோஸ் ஏறாது என்ற நம்பிக்கை. அதை உடைத்த சான்று கால் நூற்றாண்டாக நம் முன்னால் இருக்கிறது. 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகளை வெளியிட்ட யுகேபிடிஎஸ் ஆய்வு, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேரைப் பின்தொடர்ந்தது. கண்டறிந்த அன்றே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறக்குறைய பாதி போயிருந்தது; பிறகும் அது ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. ஒரே மருந்தோடு இலக்கில் நிற்க முடிந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் பாதிப் பேர், ஒன்பதாம் ஆண்டில் கால்வாசிப் பேர். ஆய்வுக்குள்ளேயே, கண்காணிப்போடு, ஆலோசனையோடு இருந்தவர்களின் கதை இது. நோயின் போக்கே அப்படி. நம் ஊரில் இந்த நோய் முப்பதுகளிலேயே பலரைப் பிடிக்கிறது; நாற்பது ஆண்டு அதோடு வாழப்போகிறவருக்கு முதல் சீட்டில் எழுதிய டோஸே கடைசிவரை போதும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அதே ஆய்வில் சராசரி ஹெச்பிஏ1சி 7.9 ஆக இருந்தவர்களைவிட 7.0 ஆக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறு ரத்தக்குழாய்ச் சேதம் கால்பங்கு குறைந்தது. ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசம் அது. ‘அடுத்த மாசம் பாப்போம்’ என்று ஆண்டுக்கணக்கில் தள்ளுவதன் விலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

எல்லா ஏற்றமும் நோய் முற்றியதன் அடையாளம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மினை எடுத்த எடுப்பில் முழு அளவில் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும்; பலர் ஒரே வாரத்தில் விட்டுவிடுவார்கள். அதனால் 500இல் தொடங்கி, வயிறு பழகப் பழக வாரக்கணக்கில் ஏற்றுவார்கள். 1,000க்கும் 2,000க்கும் போவது முதல் நாளே போட்ட திட்டம். அதை யாரும் சொல்லாததால் இரண்டாவது சீட்டைப் பார்த்ததும் முகம் வாடுகிறது. இன்னொன்று, டோஸ் இரண்டு மடங்கானால் பலனும் இரண்டு மடங்காகும் என்ற கணக்கு இந்த மருந்துகளில் செல்லாது. கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் தம் உச்ச அளவின் பாதியிலேயே பலனில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகின்றன. அதற்கு மேல் ஏற்றுவது, வற்றிவரும் கிணற்றில் மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டுவதுதான். அதனால்தான் ஒரே மாத்திரையை உச்சம்வரை தள்ளாமல், வேறு வழியில் வேலை செய்யும் இரண்டாவது மாத்திரையைச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். ‘ஒண்ணு இருந்தது ரெண்டாச்சு’ என்று எண்ணிக்கையைப் பார்த்து அஞ்சுகிறவர், பெரும்பாலும் பக்கவிளைவு குறைந்த பாதையைப் பார்த்துத்தான் அஞ்சுகிறார்.

எண்ணைத் தலைகீழாகப் படிக்கும் பழக்கம் சிறுநீரக விஷயத்தில் உச்சத்துக்குப் போகிறது. ‘சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்’ என்பது தமிழ்நாட்டில் படித்தவர், படிக்காதவர் எல்லாருமே சொல்லும் வாக்கியம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவர் மெட்ஃபார்மினைக் குறைப்பதும் நிறுத்துவதும்தான். காரணத்துக்கும் விளைவுக்கும் இடம் மாறிப்போயிருக்கிறது. மெட்ஃபார்மின் உடலைவிட்டு வெளியேறும் வழி சிறுநீரகம்; வழி அடைபட்டால் மருந்து உள்ளே தேங்கும், அதனால் அளவைக் குறைக்கிறார்கள். சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் எண் 30க்குக் கீழே போனால் கூடாது, 30க்கும் 45க்கும் இடையில் இருப்பவர்களுக்குப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் வரையறுத்தது. சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை அதே காரணத்தால் 100இலிருந்து 50, 25 என்று இறங்கும். லினாகிளிப்டின் மாத்திரைக்கு அந்தத் தேவை இல்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இதில் மிகக் கசப்பான ஒரு முரண் உண்டு. உடம்பிலுள்ள இன்சுலினை அப்புறப்படுத்தும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்கு இருக்கிறது. பல ஆண்டு நோயாளி ஒருவருக்கு, சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமல் சர்க்கரை தானாக இறங்கத் தொடங்கினால், சிறுநீரகம் தளர்ந்து மருந்தும் இன்சுலினும் உள்ளே தங்குகின்றன என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். வீட்டில் அதைக் கொண்டாடுகிறார்கள். ரிப்போர்ட்டில் சர்க்கரை வரியை மட்டும் பார்த்து, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் வரியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இந்தக் கணக்கை இன்னும் குழப்புகின்றன. சிறுநீரகம் தளர்ந்த பிறகு இவை சர்க்கரையைக் குறைக்கும் வேலையை ஏறக்குறைய விட்டுவிடுகின்றன. ஆனாலும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தரும் பாதுகாப்புக்காகத் தொடரப்படுகின்றன. சர்க்கரை நார்மல் ஆகிவிட்டதே என்று இதை நிறுத்துகிறவர், சர்க்கரைக்காக எழுதப்படாத மருந்தைச் சர்க்கரையைப் பார்த்து நிறுத்துகிறார்.

இப்போது மறுபக்கம். ஏற்றுவதற்கு இவ்வளவு வாதாடினால், எல்லாருக்கும் சர்க்கரையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாமே என்று கேட்கலாம். அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த அக்கார்டு ஆய்வு, ஒரு பிரிவினரின் ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே இறக்க முயன்றது. 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். தீவிரமாகக் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் 257 பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 203 பேர். முதியவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் இலக்கைத் தளர்த்த வேண்டும், பலருக்கு 8 வரை போதும் என்ற வழிகாட்டல்களுக்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம். ஆனால் நடைமுறையில் டோஸ் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிகம் தயங்குகிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களைப் பார்த்த ஓர் ஆய்வில், ஹெச்பிஏ1சி 6க்கும் கீழே போய்விட்டவர்களில்கூட 27 சதவீதம் பேருக்குத்தான் மருந்து குறைக்கப்பட்டிருந்தது. 6க்குக் கீழே என்ற எண் நல்ல செய்தியாகவே தோன்றுவதுதான் காரணம். பாட்டிக்குப் பசி போய் ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறார், எடை குறைகிறது, மறதி கூடுகிறது. மாத்திரை மட்டும் மூன்று இட்லி சாப்பிட்ட காலத்து அளவிலேயே தொடர்கிறது. அந்தத் தடுமாற்றத்தையும் விழுந்து இடுப்பெலும்பு முறிவதையும் வயோதிகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். லோ சுகர் என்ற பேச்சே எழுவதில்லை.

டோஸை முடிவு செய்யும் தகவல்தான் எங்கிருந்து வருகிறது? பல இடங்களில் வெறும் வயிற்றில் எடுத்த ஒரே ஒரு எண்ணிலிருந்து. பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அந்த எண்ணை அது அழகாக்கும். சிவப்பணுக்களின் ஏறக்குறைய 120 நாள் ஆயுளைக் கொண்டு அளக்கும் ஹெச்பிஏ1சியை அப்படி ஏமாற்ற முடியாது. அதற்கும் ஓட்டை உண்டு: இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றிக்காட்டலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும்போது, ஹீமோகுளோபினைப் பார்க்காமல் மூன்று மாத சராசரியை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் டோஸை ஏற்றுவது அரைகுறை வேலை. இதைவிடப் பெரிய ஓட்டை, சொல்லாமல் விட்ட மாத்திரைகள். வாரத்தில் மூன்று நாள் இரவு மாத்திரையை மறந்தவர், திட்டு வாங்க அஞ்சி, ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்கிறார். மருத்துவர் அதை நம்பி டோஸை ஏற்றுகிறார். பிறகு மகனோ மருமகளோ பொறுப்பெடுத்து, தினமும் கையில் கொடுத்து விழுங்கவைக்கும்போது, புதிய டோஸ் முழு வேகத்தில் வேலை செய்து சர்க்கரை சடாரென்று இறங்குகிறது. இந்த விபத்துக்கு மருந்து காரணமில்லை, திட்டும் பழக்கம்தான் காரணம்.

தற்காலிக மாற்றங்கள் தனி ரகம். ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும். அதற்காக ஏற்றிய இன்சுலினை ஸ்டீராய்டு குறையும்போது கூடவே குறைக்க வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கிளிமிபிரைடைக் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும். காச மருந்து முடிந்ததும் கணக்கு மறுபடி திரும்பும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஏறும் இன்சுலின் தேவை, பிரசவம் ஆன கையோடு சரியும். ரமலான் நோன்பில் காலை டோஸின் கனம் இஃப்தாருக்கு இடம் மாறும், சஹர் நேரத்து கிளிமிபிரைடு குறையும். நோன்புக்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய ஏற்பாடு இது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர் இறங்காத நாளில் மெட்ஃபார்மினையும் டாபாகிளிஃப்ளோசினையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். இன்சுலினை அப்படி ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இவற்றில் எதுவும் நோய் கூடியதையோ குறைந்ததையோ சொல்லவில்லை. தற்காலிகமாக ஏறியது நிரந்தரமாகத் தங்கிவிடுவதும், தற்காலிகமாக நிறுத்தியது மறந்தே போவதும்தான் பிரச்சினை.

‘எல்லாம் மருந்து கம்பெனி வியாபாரம்’ என்ற மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தேவையற்ற கூட்டு மாத்திரைகள் இந்தியச் சந்தையில் குவிந்தது உண்மை. 2018 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் சர்க்கரை மாத்திரைகளும் இருந்தன. இதில் என் குறை வேறு. மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்துவிட்டால், ஒன்றைக் குறைக்க நினைக்கும்போது மற்ற இரண்டையும் தொடாமல் குறைக்க முடியாது. நிலையாகிவிட்டவருக்கு அது வசதி. டோஸ் இன்னும் தேடப்படும் கட்டத்தில் இருப்பவருக்கு அது விலங்கு. ஆனால் ‘வியாபாரம்’ என்ற சந்தேகம் பெரும்பாலும் குறிவைப்பது மெட்ஃபார்மினையும் கிளிமிபிரைடையும்தான். அவை காப்புரிமை காலாவதியாகி, மலிவு விலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆன மருந்துகள். டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020இல் முடிந்தது, சிட்டாகிளிப்டினுடையது 2022இல். சந்தேகப்பட வேண்டிய இடம் விலையுயர்ந்த புதிய பெயர் சீட்டில் ஏறும்போது. 500 ஆயிரம் ஆகும்போது அல்ல.

இன்சுலின் என்றால் ‘கடைசிக் கட்டம்’ என்ற பயத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதைவிட நடைமுறையான ஆபத்து ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பல, ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உடையவை. அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. பேனாவிலும் கார்ட்ரிட்ஜிலும் வருவது 100 யூனிட். அந்த அளவில் வரும் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை உறிஞ்சினால் உடம்பில் இறங்குவது இரண்டரை மடங்கு. சீட்டில் ஒரு எழுத்துகூட மாறாமல் டோஸ் மாறிவிடுகிறது. ‘பத்து யூனிட்’ என்று எழுதுகிற கை எந்தச் சிரிஞ்சு என்றும் எழுத வேண்டும்.

டோஸ் இவ்வளவு நெகிழ்வானது என்றால் நானே மாற்றிக்கொள்ளக் கூடாதா? நியாயமான கேள்வி, ‘கூடவே கூடாது’ என்ற வழக்கமான பதில் முழு உண்மையல்ல. 2005இல் வெளியான அட்லான்டஸ் ஆய்வில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு மருத்துவமனை டோஸை முடிவு செய்தது. இன்னொரு பிரிவு, காலை வெறும் வயிற்று அளவைப் பார்த்து மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு யூனிட் இன்சுலின் என்ற எழுதப்பட்ட விதிப்படி தாமே ஏற்றிக்கொண்டது. ஹெச்பிஏ1சி குறைந்தது இரண்டாவது பிரிவில்தான் சற்று அதிகம். இங்கே நோயாளிகளிடம் விதி இருந்தது, அளக்கும் கருவி இருந்தது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மூன்றும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு மாத்திரையைப் பாதியாக உடைப்பது வேறு காரியம். நீடித்து வெளிப்படும்படி செய்யப்பட்ட மாத்திரையாக இருந்தால் நொறுக்கிச் சாப்பிடுவதே டோஸ் பிழை. எடை குறைப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நாளுக்கு ஏறக்குறைய 850 கலோரி உணவுத்திட்டத்தில் போனவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவர்களுடைய சர்க்கரை மாத்திரைகளை உணவைக் குறைத்த முதல் நாளே நிறுத்தியிருந்தார்கள், மருத்துவக் கண்காணிப்பில். இங்கே அரிசியை அடியோடு நிறுத்தும் வேகத்தில் கிளிமிபிரைடை யாரிடமும் கேட்காமல் முழு அளவில் தொடர்கிறார்கள்.

கடைசி மறுப்பு மருத்துவர்களுடையது: இதையெல்லாம் விளக்க நேரம் எங்கே? 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017இல் வெளியான ஆய்வில், இந்தியாவில் ஒரு நோயாளிக்கு ஆரம்பநிலை மருத்துவர் ஒதுக்கும் நேரம் சுமார் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் வகுப்பெடுக்க முடியாதுதான். ஆனால் மாறிய டோஸுக்குப் பக்கத்தில் ஏன், எதுவரை, மறுபடி எப்போது என்று மூன்று துண்டு எழுதப் பத்து விநாடி போதும். எழுதாவிட்டால் நோயாளி கேட்கலாம். செவிலியர் எழுதித் தரலாம். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அதைப் படித்துப் பார்த்து, தேதி தாண்டிவிட்டதே என்று சொல்லலாம். சீட்டில் அது இப்படித்தான் இருக்கும்: கிளிமிபிரைடு 2 வேண்டாம், இனி 1, விடியற்காலையில் சர்க்கரை இறங்குவதால், இலக்கு 8க்குள், இரண்டு வாரத்தில் காலை அளவும் கிரியாட்டினினும் பார்த்துவிட்டு வரவும்.